வாளியில் எரிந்த மெழுகு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு வைனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். நாற்பது வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்தவனுக்கு அங்கே என்ன வேலை? யாரையும் குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. பேச வந்தது குளிரைப் பற்றி.

நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவு வந்தால் எங்களுக்கு வயிற்றில் புளி கரையும். குளிர்ந்த காற்று கனமானது. மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்து மலையில் (தேயிலை நிலத்தை நாங்கள் மலை என்போம்) கொழுந்தின் மேல் உப்புத் தூவியது போலத் துகள் உறைபனி கிடக்கும். வெயில் ஏறினால் அதே கொழுந்து சுடுதண்ணீர் ஊற்றியது போலக் கருகிவிடும். ஆனால் எங்கள் ஸ்டோரில் வருடத்தின் நல்ல தூள் இறங்குவதும் இந்த மாதங்களில்தான். கொழுந்து மெதுவாக வளரும், தேநீரின் சாயம் வெளிறும், வாசம் தூக்கும். கருக்குவதும் குளிர், வாசம் ஏற்றுவதும் குளிர். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஏப்ரலில், பாரிஸில் இருக்கும் அக்கா மகன் என்னை ஷாப்லி என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். பிரான்சில் வைனுக்குப் பேர்போன பர்கண்டியின் வட கோடி. ஷாப்லி வைனுக்கு ஷார்தொனே என்ற ஒரே வெள்ளைத் திராட்சைதான். மண்ணைக் கிளறினால் நகத்தளவுச் சிப்பிகள். சுமார் 15 கோடி வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். அந்த வைனை 'டிரை' என்பார்கள். பழத்தின் சீனியை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் தின்றுவிட்டது என்று அர்த்தம், பாலும் சீனியும் போடாத வெறும் தேநீர் மாதிரி. சூடான ஊரில் பழம் பழுக்கப் பழுக்கப் புளிப்பு கரைந்துபோகும். குளிரில் அது பழத்திலேயே தங்கும். நாக்கில் சுருக்கென்று படுவது அந்தப் புளிப்புத்தான்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். "மாமா, எழும்புங்கள், தோட்டத்தில் நெருப்பு" என்றான். ஜன்னலைத் திறந்தால், நிரைக்கு நிரை வாளிகளில் மெழுகு எரிகிறது. கார்த்திகை விளக்கீட்டை ஏப்ரலில் பார்த்தது போல இருந்தது. துளிர் விட்ட கொடியைப் பனியிலிருந்து காக்க அந்தச் சூடு.

எதிர்ச்சரிவில் பார்த்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. உறைகிற குளிரில் கொடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்! பைத்தியமா என்று கேட்டேன். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது தன்னிடமுள்ள சூட்டை விடுகிறது. அதனால் உள்ளே இருக்கும் துளிர் பூச்சிய டிகிரிக்கு அதிகம் கீழே போவதில்லை. ஒன்றே ஒன்று, நடுவில் நிறுத்தக் கூடாது. பனி உருகும்வரை தெளிக்க வேண்டும். நிறுத்தினால் தெளிக்காமலே விட்டிருக்கலாம், அவ்வளவு மோசம். காலையில் ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிக் குப்பிக்குள் வைத்தது போலப் பச்சைத் துளிர், நுனியில் இளஞ்சிவப்பு. நம் பள்ளத்து மலைக்கு இப்படித் தண்ணீர் தெளிக்க எத்தனை குழாய் வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன். கட்டுப்படியாகாது.

ஷாப்லி முழுவதும் சேர்த்தே 1950களில் சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்த தோட்டம் அது. பனியைத் தடுக்கக் கற்றபின் வளர்ந்து, இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல். கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்தையும் சிலர் வேண்டுமென்றே தாமதமாகச் செய்கிறார்கள், துளிர் பிந்தி வரட்டும் என்று. கவ்வாத்து என்பது நம் சொல், அவர்கள் வேறேதோ சொன்னார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கி. நம் கோப்பிச் செடிகளில் 1869இல் இலைத்துரு நோய் கண்ட காலத்தில் பிரான்சின் கொடிகளை ஒரு வேர்ப்பூச்சி அரித்த கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அது போகட்டும். ஷாப்லி வைனின் சுவையை மட்டும் சொல்கிறேன்: முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு மழை நனைத்த கல். கந்தப்பளைப் பக்கம் அதிகாலை பஸ்ஸில் போகிறவர்கள் இந்த மாதம் பள்ளத்து மலையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வணக்கம்.