தள்ளுபடியில் வாங்கியது பழுதா? கடை எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கேட்கலாம்

[காட்சி: கோபாலபுரம் எல்லை. துணிப்பைகளோடு பேருந்தில் இருந்து இறங்கும் கூட்டம்.]

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்துக் குடும்பங்கள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பிவிடும். மறையூர்க்காரர்களுக்கு உடுமலை, குமுளிக்காரர்களுக்குக் கம்பம். ஆடி முடிந்த கையோடு ஓணம் தள்ளுபடி வரும். அப்போது கூட்டம் பாலக்காட்டுப் பக்கம் திரும்பும். தமிழ்நாட்டு பில்லும் கேரள பில்லும் ஒரே டப்பாவில் கிடக்கும் வீடுகள் நம்முடையவை.

வாங்கிய பொருள் பழுதாகிவிட்டால் இரண்டு பேச்சில் நாம் அடங்கிப்போகிறோம். கடையில், "ஆஃபர்ல எடுத்ததுங்க, மாத்தித் தர முடியாதுங்க" என்பார்கள். வீட்டில், "அந்த ஸ்டேட் கடைமேல இங்கிருந்து என்ன பண்ண முடியும், விடு" என்பார்கள். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019]

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பொருளின் தரத்திலோ அளவிலோ தூய்மையிலோ இருக்கும் எந்தக் குறையையும் இது பழுது என்றே கொள்கிறது. முழு விலைக்கு விற்றால் ஒரு கணக்கு, பாதி விலைக்கு விற்றால் வேறு கணக்கு என்று எங்கும் சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடியில் எடுத்த மிக்ஸியும் மிக்ஸிதான், அரைக்க வேண்டும். கடைக்காரர் விலையைத்தான் குறைத்தார். ஓடாத மிக்ஸியைத் தருகிறேன் என்று சொல்லி விற்கவில்லை.

அப்புறம் அந்த போர்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கல்லாவுக்கு மேலே தொங்கும். பில்லின் அடியில் பொடி எழுத்திலும் இருக்கும். அதைப் பார்த்தே பாதிப் பேர் வாயைத் திறக்காமல் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இதே சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு சொல்கிறது. திருப்புவதற்கு பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். போர்டு மாட்டிவிட்டதால் சட்டம் மாறிவிடாது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையமும், அதாவது நுகர்வோர் புகாரை விசாரிக்கும் அமைப்பும், இத்தகைய வாசகம் சட்டவிரோதம் என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

30 நாள் தாண்டிவிட்டால் எல்லாம் போயிற்றா? இல்லை. தயாரிப்பிலேயே இருந்த பழுது பிறகு தலைகாட்டினாலும் புகார் கொடுக்கலாம். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 2 வருடம்.

சரி, கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, மருமகளுக்கு அளவு சேரவில்லை, இதையே வேறு கடையில் குறைவாகப் பார்த்தேன் என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம், அல்லது அவர்களே அறிவித்த ஏற்பாடு. அதேபோல, "இந்தப் புடவையில் முந்தானைக்குப் பக்கத்தில் நூல் இழுத்திருக்கிறது, அதனால்தான் இந்த விலை" என்று காட்டிச் சொல்லி விற்றிருந்தால், அதே நூலைக் காரணம் காட்டித் திருப்ப முடியாது. ஆனால் முதல் தண்ணீரிலேயே சாயம் கரைந்து ஓடினால் அது வேறு விஷயம். அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

[காட்சி: மேஜைமேல் மிக்ஸி, பில், வாரண்டி அட்டை.]

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் ஒரு அக்கா பொள்ளாச்சிக் கடையில் 2,400 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். சம்பந்தம் உண்டு, பில் போட்டது அந்தக் கடைதான். புகாரில் கடையையும் தயாரித்த கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டலாம். "பணம் கிடையாது, அதே தொகைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கங்க" என்றாலும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. பழுதைச் சரிசெய்யவோ, புதுப் பொருள் தரவோ, கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. திரும்பி வருவது அக்கா கட்டிய 2,400தான், அட்டைப்பெட்டியில் அடித்திருக்கும் விலை அல்ல.

ஒருவேளை மிக்ஸியை வாங்கியது மகன், உபயோகிப்பது அம்மா என்றால்? வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மகன் வெளியூரில் வேலையில் இருந்தாலும் அம்மாவே புகார் கொடுக்கலாம்.

இனி நம் எல்லைக்காரர்களுக்கு மிக முக்கியமான இடம். பழைய 1986 சட்டத்தின்படி, பொதுவாக எதிர்த்தரப்பு தொழில் செய்யும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொழிஞ்சாம்பாறை அக்கா கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். பாலக்காட்டில் டிவி வாங்கிய பொள்ளாச்சிக்காரருக்குக் கோயம்புத்தூர் மாவட்ட ஆணையம். விசாரணைக்கு நேரில் வருவது சிரமம் என்றால் வீடியோ வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் பில் வேண்டும். "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பில் தராமல் இருப்பதும் நேர்மையற்ற நடைமுறைதான், கேட்டு வாங்குங்கள். ஜிபே செய்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பில் மை சில மாதங்களில் வெளுத்துப்போகும். அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆஃபர் விளம்பரத்தையும் அப்படியே. குறைந்த விலை என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த விலையில் விற்கும் எண்ணமே இல்லாமல் இருப்பதையும் சட்டம் விடவில்லை.

[திரையில்: 1915]

முதலில் கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் போதும்: வாங்கிய தேதி, பில் எண், என்ன பழுது, என்ன வேண்டும், எத்தனை நாளில். பதில் வரவில்லையா, 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் இது, தமிழிலும் பேசலாம். பல விஷயங்கள் வழக்கு வரை போகாமல் இங்கேயே முடிய வாய்ப்பு உண்டு. முடியாவிட்டால் மாவட்ட ஆணையம்; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் இதைவிட இழுக்கலாம், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்த வழி கிடையாது. ஆடித் தள்ளுபடியில் மொத்தமாகப் புடவை எடுத்துப்போய் எஸ்டேட் லயங்களில் தவணைக்கு விற்கும் அக்காமார்களே, மறுவிற்பனைக்கு வாங்குபவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். உங்களிடம் வாங்கியவர் உங்கள்மேல் புகார் கொடுக்க முடியும், நீங்கள் கடைமேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் கட்டைப் பிரித்து ஒவ்வொரு புடவையையும் விரித்துப் பார்த்து, பழுதானால் மாற்றித் தருவதாகக் கடையில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். ஆனால் வீட்டிலிருந்து துணி தைத்துப் பிழைக்கும் ஒருவர் தன் பிழைப்புக்காக ஒரு தையல் மிஷின் வாங்கி அது பழுதானால், அவர் நுகர்வோர்தான். தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.