இடமாற்றம் விசாரணை ஆகாது

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார் என்று முறைப்பாடு வருகிறது. அதிபர் கூப்பிட்டுப் பேசுகிறார். தோட்டத்துத் தலைவர்மார் நடுவில் வருகிறார்கள். "பொம்பளப் பிள்ளை, பேர் கெட்டுடும்" என்று தாயின் வாயை அடைக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்த பாடசாலையிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே! பஸ் போகாத தோட்டப் பாடசாலைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அதைத் தண்டனை என்று சொன்னால், தண்டனை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான். ஹட்டன் பக்கத்து நீதிமன்றங்களில் ஆஜராகும் சட்டத்தரணியாக இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்ற நாடுகளும் இந்த வேதனையைப் பட்டுத்தான் சட்டம் செய்தன. இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002இல் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பாடசாலையின் பராமரிப்பாளன். அவன்மேல் முன்பு வேறொரு பகுதிப் பொலிஸுக்கு முறைப்பாடுகள் போயிருந்தன; வேலை கொடுத்த இடத்துக்கு அவை வந்து சேரவில்லை. அதன் பிறகுதான் பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவர்களின் பின்னணியைப் பார்க்கும் முறை அங்கே இறுக்கப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2014இல் செய்த சட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு விண்ணப்பிப்பவர், தான் முன்பு வேலை செய்த பாடசாலைகளைச் சொல்லியாக வேண்டும். கேட்கப்பட்ட பழைய பாடசாலை 20 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். "நீ விலகிப் போ, நாங்கள் வாய் திறக்க மாட்டோம்" என்று செய்துகொள்ளும் உடன்படிக்கையையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. 2015இல் அமெரிக்க மத்திய சட்டமும் அப்படிப்பட்டவருக்கு வேறு பாடசாலையில் வேலை தேடிக்கொடுக்கக் கூடாது என்றது.

நம் இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில், பிள்ளைகள் உட்பட யார்மீதும் செய்யப்படும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது. பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. மாணவனை அறைந்து காதைக் கெடுத்த ஓர் ஆசிரியரின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான நடத்தையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, ஆசிரியர் 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்றது. அரசும் கொடுக்க வேண்டும் என்றதை அதிபர்மாரும் வலயக் கல்விப் பணிமனைகளும் கவனிக்க வேண்டும்.

நமக்குக் குறைவது, முறைப்பாடு வந்த பாடசாலைக்கும் அவர் அடுத்துப் போகும் பாடசாலைக்கும் நடுவில் ஒரு பாலம். புதிதாக வேலைக்கு வருபவரிடம் வழக்கமாகக் கேட்பது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் நற்சான்றிதழ்களும்தான். முந்திய பாடசாலையில் என்ன நடந்தது என்று அவை சொல்லாது. பெற்றோர் காசு சேர்த்து வைத்துக்கொள்ளும் தொண்டர் ஆசிரியரிடம் அதையும் கேட்பதில்லை. மத்திய மாகாணத்திலிருந்து ஒருவர் ஊவாவுக்குப் போனால், ஆரம்ப விசாரணை நடந்ததா, எப்படி முடிந்தது என்று புதிய வலயம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அவரை வகுப்புக்குள் விட வேண்டும். இதைச் சட்டமாக்கச் சொல்லி நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். இது ஆசிரியர்களுக்கு விரோதமான பேச்சு இல்லை. பொய்யான முறைப்பாட்டில் மாட்டிய ஆசிரியர் முறையான விசாரணையில் சுத்தமாக வெளியே வருவார்; இரவோடிரவாக மாற்றப்பட்டவரை ஊர் கடைசிவரை சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

"பொலிஸில் வழக்கு இருக்கிறது, அது முடியட்டும்" என்று ஒழுக்காற்று விசாரணையைத் தள்ளிப்போடுவார்கள். அதை நம்பாதீர்கள். அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதிப்படி நடக்கும் விசாரணை வேறு, நீதிமன்ற வழக்கு வேறு.

என்னிடம் வந்த ஒரு தாயைச் சொல்கிறேன். கொழுந்து மலைக்குப் போகாமல் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். மகள் சொன்னதைத் திகதி போட்டு, யார் யாரிடம் சொன்னேன் என்று எழுதியிருந்தார். அவரிடம் இருந்த பெரிய பலம் அந்தத் தாள்தான். நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு நோகடிக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இலவசமாக எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பொலிஸில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் விளங்காவிட்டால், விளக்கிச் சொல்லும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். அதிபரிடம் கொடுக்கும் கடிதத்துக்குப் பிரதி ஒன்று வைத்து, கிடைத்தது என்று ஒப்பம் வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை வழக்குக்கு, உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதம்தான் காலம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆகவே அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.