பாத்திரத் தாளில் ‘இனம்’ வேண்டாம்

வணக்கம் நேயர்களே. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டங்கள் உண்டு. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் அவற்றில் மூத்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ பண்டாரவளையிலோ இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆட நினைப்பவர்களுக்கு முதலில் தடுக்குவது விதிகள் அல்ல, சொற்கள்.

ஆளுக்கொரு பாத்திரத்தின் விவரம் எழுதும் பாத்திரத் தாளின் மேல்வரியிலேயே சிக்கல் தொடங்கிவிடும். குள்ளர், எல்ஃப், ஓர்க் என்ற கற்பனை உயிர்களில் எது என்று பாத்திரத்தின் பிறப்பைக் குறிக்கும் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்று பெயர் இருந்தது. இதே போன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் 2019 இல், தன் இரண்டாம் பதிப்பில், முன்னோர் வழி என்று பொருள்படும் ‘ஆன்செஸ்ட்ரி’க்கு மாறியது. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் 2024 பதிப்பில் ‘ஸ்பீஷீஸ்’ ஆக்கியது. இதை அப்படியே தமிழாக்கினால் என்ன ஆகும்? நம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் ஸ்பீஷீஸ் என்பதும் ‘இனம்’, குடிசனக் கணக்கெடுப்பில் கேட்பதும் ‘இனம்’, 1983 ஐ நினைத்துப் பெரியவர்கள் சொல்வதும் இனக்கலவரம். ஆங்கிலத்தில் நடந்த மாற்றம் தமிழுக்கு வரும்போது அழிந்துபோகிறது.

‘வம்சாவளி’ என்று போடலாமே என்று சிலருக்குத் தோன்றும். 1911 குடிசனக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாகப் பிரித்து எழுதப்பட்ட சமூகம் நாம். ‘இந்திய வம்சாவளி’ என்பதா, ‘மலையகத் தமிழர்’ என்பதா என்ற விவாதம் இன்னும் தீராத ஊரில், அந்தச் சொல்லை ஓர்க்குக்கு மேலே எழுதுவது சரியல்ல. ‘குலம்’ சாதியைக் கொண்டுவரும். ‘வகை’ என்பதே என் தேர்வு. யாரையும் தொடாது. இரண்டே எழுத்து, சின்னக் கட்டத்துக்குள்ளும் அடங்கும்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு விதியை அப்படியே விட்டால் பயன் இல்லை. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் 2014 விதியில் அரை ஓர்க் என்றாலே பலத்துக்கு 2 புள்ளி, உடலுறுதிக்கு 1 புள்ளி கூடும். 2016 இல் வந்த ஒரு துணைநூலில் ஓர்க்குக்கு அறிவில் 2 குறைத்திருந்தார்கள், பின்னர் அதை நீக்கினார்கள். 2024 விதியில் அந்தப் புள்ளிகள் பிறப்பை விட்டுப் பாத்திரத்தின் பின்னணிக்குப் போய்விட்டன. சிப்பாயாக இருந்தாரா, கைவினைஞராக இருந்தாரா என்பதற்கேற்ப மூன்று புள்ளிகள்: ஒரு திறனுக்கு 2, இன்னொன்றுக்கு 1. அல்லது மூன்று திறன்களுக்கு ஒவ்வொன்று. பழைய புத்தகத்தை வைத்து ஆடுபவர்கள் இந்த ஒரு விதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போதே அறிவு குறைந்தவன் என்ற கணக்கு, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நின்ற நம் முன்னோரைப் பார்த்துச் சொல்லப்பட்ட கணக்குத்தான்.

அடுத்தது ‘பார்பேரியன்’ என்ற போர்வீரப் பாத்திரம். அகராதி ‘காட்டுமிராண்டி’ என்கிறது, சுருக்கினால் ‘காட்டான்’. ‘தோட்டக்காட்டான்’ என்று ஏசப்பட்டவர்களின் பிள்ளைகள் ஆடும் மேசையில் அந்தச் சொல் வரக்கூடாது. அந்தப் பாத்திரம் ஆட்டத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். சினம் கொள்கிறது. சினம் மூண்டால் தொடக்க நிலையில் அடிக்கு 2 கூடும், வெட்டும் குத்தும் பாதிதான் படும். ஆகவே ‘சினவீரர்’. செயலிலிருந்து பெயர் எடுத்தால் பெரும்பாலும் தவறாது.

மந்திரவாதி ஒருவன் சாகாமல் இருக்கத் தன் உயிரை ஒளித்துவைக்கும் பொருளுக்கு ‘ஃபிலாக்டரி’ என்றிருந்தார்கள். யூதர்கள் வேத வாசகம் வைத்துக் கட்டிக்கொண்டு தொழும் தோல் பேழைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். தொழுகைப் பொருளைப் பேயின் பொருளாக்கியது தவறு என்று உணர்ந்து, பாத்ஃபைண்டர் உயிர்க்கூண்டு என்று பொருள்படும் சொல்லுக்கும், டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆவிச்சாடி என்று பொருள்படும் சொல்லுக்கும் மாறின. தமிழாக்குபவர் அகராதியைப் பார்த்து ‘தாயத்து’ என்று எழுதினால் அதே தவறு நம் வீட்டுக்குள் வந்துவிடும். குழந்தையின் இடுப்பில் கட்டுவது அது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் கதை நமக்குத் தெரியும், அந்த வழியில் ‘உயிர்ச்சிமிழ்’ என்றால் கேட்டவுடனே விளங்கும்.

1970களிலிருந்தே டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸில் ‘ராக்ஷசா’ என்ற அரக்கப் பகைவர் இருக்கிறார். மிருகத் தலை, பெரும்பாலும் புலித் தலை, புறங்கை உள்ளங்கை மாறிய கைகள், ஆள்மாறாட்டம். சீதா எலியவில் அம்மனுக்குக் கோயில், எல்லாவில் இராவணன் பெயரில் அருவி. இராவணனைச் சிவபக்தனாக மதிப்பவரும் நம்மிடையே உண்டு. ‘புலிமுகன்’ என்று மாற்ற நினைப்பீர்கள். இந்த நாட்டில் புலி என்ற சொல்லுக்கு இருக்கும் பாரம் வேறு. பொது இடத்தில் “புலியை அடி” என்று கத்தினால் பக்கத்து மேசை திரும்பும். தேயிலை மலையில் திரிவது சிறுத்தை. ‘சிறுத்தைமுகன்’ என்று எழுதுங்கள், எண்கள் ஒன்றும் மாறத் தேவையில்லை.

மாற்றும் வேலை நுணுக்கமானது. கணினியில் ‘இனம்’ என்று தேடி மாற்றினால் இனத்தின், இனத்தை, இனங்கள் எல்லாம் அப்படியே நிற்கும். ‘இன’ என்று தேடினால் இனி, இனிப்பு வரை மாறிவிடும். வேற்றுமை உருபோடு வரும் வடிவங்களை முதலில் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். பாத்திரத் தாள், மந்திரப் பட்டியல், பகைவர் விவரம், வரைபடம் நான்கிலும் மாறியதா என்று பாருங்கள். வரைபடத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பிறகு ஒரு முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள். வாயில் வராத சொல் இரண்டாம் சண்டையிலேயே பழைய சொல்லுக்குத் திரும்பிவிடும்.

சொல் மாறினால் ஆட்டம் கெடும் என்று அஞ்ச வேண்டாம். 1977 வாக்கில் உரிமைச் சிக்கலால் ‘ஹொபிட்’ என்பதை ‘ஹாஃப்லிங்’ ஆக்கினார்கள். குட்டி மனிதர்கள் இன்றும் அதே ஆட்டத்தில் நடமாடுகிறார்கள்.

மாற்றுச்சொல் தேடாமல் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. முனியாண்டி, மாடன், தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதமுனி, இவர்களுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். காமன் கூத்தில் வேடம் கட்டுபவர் விரதம் இருக்கிறார். இவர்களைப் பகடையால் வெல்லும் பகைவராக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி, எது மேசைக்கு வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். பேசத் தயங்குபவருக்காக நடுவில் ஒரு அட்டை வையுங்கள். யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.