அம்மச்சியும் சீல் குட்டியும்

வணக்கம். எனக்கு களியக்காவிளை பக்கம். படுக்கையில கெடக்குற வயசாளுங்கள வீடு வீடா போய் பாக்குற நர்ஸ் வேலை. மனுசங்களோட பழகுற ரோபோவால என்ன பலன்னு ஜனங்க நெனக்கிறாங்க, அதப் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க.

ஆஸ்பத்திரியில பலன் கண்ணுக்கே தெரியும். 2020ல கொரோனா வந்தப்போ எர்ணாகுளம் மெடிக்கல் காலேஜ்ல கர்மிபாட்னு ஒரு ரோபோ வார்டுக்குள்ள சாப்பாடும் மருந்தும் கொண்டு போச்சு, எங்கள மாதிரி நர்ஸுங்களுக்கு அது உயிர் பயத்த கொறச்ச சமாச்சாரம். வீட்டுக்குள்ள வந்தா கதையே வேற.

நான் பாக்குற ஒரு அம்மச்சிக்கு எண்பது தாண்டியாச்சு, மகன் கல்ஃப்ல, வீட்டுல மருமவளும் ரெண்டு பிள்ளைங்களும். மகன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பி, இத அம்மாவுக்கு துணைக்கு வாங்கலாமான்னு கேட்டான். பாரோன்னு ஒரு ரோபோ, ஜப்பான்ல ஷிபாட்டான்னு ஒருத்தர் 1993ல தொடங்கின வேலை, சீல்னு பனிக்கடல்ல வாழுற மிருகத்தோட குட்டி மாதிரி வெள்ள முடியோட இருக்கும், தடவினா தலைய தூக்கி முனகும். 2009லயே அமெரிக்காவுல மருத்துவ சாதனம்னு அனுமதி குடுத்துட்டாங்க. நாய் பூனைன்னு செஞ்சா நெசத்தோட ஒப்பிட்டு குறை சொல்லுவாங்கன்னு தான் யாரும் வளக்காத சீல எடுத்தாராம், எனக்கு அந்த யோசனை ரொம்ப பிடிச்சுது.

அம்மச்சிகிட்ட காட்டினேன். போன் கண்ணாடி மேலயே வெரல வச்சு அது நெத்திய தடவுறாங்க. "நல்லாருக்கு மக்களே, வடக்கு வீட்டுக்காரிக்கு குடு, பாவம் ஒத்தையில கெடக்கா." நான் போற பல வீட்டுல இதே பதில் தான், நல்லது தான், ஆனா எனக்கில்ல, என்னவிட தனியா இருக்குறவங்களுக்கு. தனக்கு வேணும்னு சொன்னா எனக்கு ஆளில்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே, அந்த வலி எனக்கு புரியுது.

கொஞ்சம் கழிச்சு மெதுவா கேட்டாங்க, "ராத்திரி ஒண்ணுக்கு போக அது எழுப்பி விடுமா? மருமவள எழுப்ப கூச்சமா இருக்கு."

செய்யாது அம்மச்சின்னேன். மகனுக்கு போன் போட்டு இத சொன்னப்போ கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் கட்டிலோரம் போடுற கம்மோடு சேர் என்ன விலைன்னு கேட்டான். சேர் வந்தாச்சு. இப்பவும் நான் போனா, அந்த குட்டிய காட்டு மக்களேன்னு கைய நீட்டுறாங்க.