நான் எரிந்த கட்சி

நடுவருக்கு வணக்கம், அவைக்கு வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்களே தீர்த்துவிட்டார்கள்.

‘விழுந்தவரை எழுப்புவது புராணக் கதையா, பக்கத்து வீட்டுக்காரரா?’ நான் கதை அணி. எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? “சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையை நம்பித் தீயில் குதித்தால் மிஞ்சுவது கிரில் சிக்கன்தான்.” நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, பீனிக்ஸைப் பற்றி எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸே அதைப் படத்தில்தான் பார்த்ததாக ஒப்புக்கொள்கிறார். 500 ஆண்டுக்கு ஒருமுறை எகிப்துக்கு வருமாம். ஆனால் அவர் கதையில் தீயே கிடையாது. அடுப்பே பற்றவைக்காத கதையில் அண்ணன் மட்டும் கிரில் சிக்கன் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்!

சரி, கிரேக்கம் எதற்கு? எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வாருங்கள். மாசியில் காமன் பண்டிகை. ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் எல்லாம் சேர்த்துக் கட்டி நட்டு, அதைத்தான் மன்மதனாகக் கொளுத்துவார்கள். சிவன் கண்ணைத் திறந்ததில் அவன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய லாவணி, அதாவது பாட்டிலேயே வாதம். எரிந்த கட்சி, எரியாத கட்சி. நமக்கெல்லாம் மூத்த பட்டிமன்றம்.

ஒரு வருஷம் எரியாத கட்சிக்காரர் டேப் என்கிற கைப்பறையைத் தட்டி, ‘எரியலையே, எரியலையே’ என்று உச்சத்தில் பாடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் சித்தப்பாவின் வைக்கோல்போர் எரிகிறது! யாரோ வீசிய பீடி. சித்தப்பா “எரியுது, எரியுது!” என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார். பாட்டுக்காரர் நிறுத்தவில்லை. எதிர்க்கட்சிக்குப் புது ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து, “எரிஞ்சதுக்கு ஆதாரம் என்ன?” என்று பாட்டிலேயே மடக்கினார். சித்தப்பா வேட்டி நுனியைத் தூக்கிக் காட்டினார். அதுவும் கருகியிருந்தது. கூட்டம் விசில் அடித்தது. போர் முழுக்கச் சாம்பலான பிறகுதான் அது கூத்தில் இல்லை என்று ஊருக்கே புரிந்தது.

நடுவர் சிரித்துவிட்டார். பாதித் தீர்ப்பு வந்தாயிற்று.

‘அணைத்தது அக்கம்பக்கம்தானே’ என்று அண்ணன் குறிப்பெடுக்கிறார். ஆமாம், குடம் குடமாக ஊற்றினார்கள். யார் இல்லை என்றது?

அப்பா ஒரு தை மாதம் போனார். பதினாறாம் நாள் வரை பக்கத்து வீட்டுச் சாப்பாடு. அப்புறம் அவரவர்க்கு அவரவர் பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. அம்மா வாசலைத் தாண்டவில்லை. மாசியில் ரதி வேஷக்காரர் வைத்த ஒப்பாரி திண்ணை வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் காமன் எழுந்துவிடுவான். ஆனால் சிவன் கொடுத்த வரம், அவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

“அவளுக்கு மட்டும் தெரிவானாமே?” என்று அம்மா கேட்டாள். “அது கதைம்மா” என்றேன்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவின் தையல் மெஷின் ஓடும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா மிதித்துக்கொண்டிருந்தாள். துணியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, “இந்தக் காலர் சரியா இருக்கா, பாருங்க” என்றாள்.

பக்கத்தில் யாரும் இல்லை, நடுவர் அவர்களே. பக்கத்து வீட்டிலும் இன்னும் விளக்கு போடவில்லை.