தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். பச்சிளம் குழந்தைக்குச் சுன்னத் செய்தால் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். அபூர்வமாக ரத்தம் நிற்காமல் போவதுண்டு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு விடிகாலையில் ஐந்து நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது, பால் குடிக்கவில்லை. "கொஞ்சமாத்தான் கசிஞ்சது டாக்டர்" என்றார் அம்மாவைப் பெற்ற பாட்டி. டயப்பரை வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் சிவப்பு. ஆனால் கையில் கனத்தது. ரத்தத்தையெல்லாம் அது உள்ளே உறிஞ்சி வைத்திருந்தது. மூன்று கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லி, ஒரு டம்ளர். 50 மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அப்புறம் பாட்டியிடம் கேட்டேன், "உங்களுக்கு மகன் உண்டா?" "இருக்கான். பல் விழுந்தப்போ ரெண்டு நாள் ரத்தம் நிக்கல" என்றார். குழந்தைக்கும் அதே நோய்தான், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் குறைவு. அதை ஊசியாக ஏற்றிய பிறகுதான் நின்றது. தாய் வழியாக வந்து ஆண் பிள்ளைகளிடம் தெரியும் நோய் இது. அதனால்தான் தாய்மாமனைக் கேட்கிறோம்.

இதை யூதர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். கலிலேயாவின் செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். மூவரின் பிள்ளைகள் விருத்தசேதனத்துக்குப் (சுன்னத்துக்குப்) பிறகு இறந்துபோக, நான்காமவளின் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று ரபி (யூத மதகுரு) ஒருவர் தடுத்ததாக யூதர்களின் சமய நூலான தல்மூத் சொல்கிறது. மரபணு என்ற சொல்லே இல்லாத காலம். சகோதரிகள் வழியாக வருகிறது என்று கண்டுகொண்டார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் ஹீமோஃபிலியா குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது. ஆகவே மாமாவுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். அது ஹீமோஃபிலியாவைத் தடுக்காது, வேறொரு வகை ரத்தக் கசிவைத் தடுக்கும். சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத்தைத் தள்ளிப்போடுங்கள். பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படலாம்.

முதல் நாள் இரவு டயப்பர் வேண்டாம், வெள்ளைத் துணி போதும். அடிக்கடி விலக்கிப் பாருங்கள். கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நிற்கவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். போட்டிருந்த துணியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.