பிஸ்கட் ரின்னில் 61 அட்டைகள்

(யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு நெட்வொர்க்கிங், அதாவது தொழிலுக்காக ஆட்களோடு தொடர்பு வளர்ப்பது. அழைப்பிதழில் அதை வலையமைப்பாக்கம் என்று போட்டிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு, "மீன்பிடிக்காரருக்கான கூட்டமோ பிள்ளை?" என்று என் மாமியார் கேட்டார். சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் மாமி பிழையாகக் கேட்கவில்லை. வீசுவது, இழுப்பது, அகப்பட்டதைக் கூடையில் போடுவது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் மிளகாய்த்தூள்காரி. கோண்டாவிலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், ஒரு மில், இரண்டு அடுப்பு, என்னோடு நாலு பெண்கள். செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வறுத்து, ஆறவிட்டு, அரைத்து, பையில் அடைத்துக் கொடுக்கிறோம். முதன்முதலாக ஒரு கண்காட்சியில் கடை போட்டபோது 500 விசிட்டிங் கார்ட் அடித்துக்கொண்டு போனேன். மூன்று நாளில் முந்நூறுக்கு மேல் கொடுத்து முடித்தேன். கைக்கு வந்தவை 61. அவற்றை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடி, ரெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாதத்தில் வந்தது ஒரே ஒரு அழைப்பு. காப்புறுதி எடுக்கச் சொல்லி ஒரு தம்பி.

ஒருநாள் கோபத்தில் ரின்னைத் திறந்து அட்டைகளை மேசையில் பரப்பினேன். 61 பேரில் நாலு பேரின் முகம்தான் ஞாபகம் வந்தது. எனக்கே அவர்களை ஞாபகம் இல்லையென்றால் அவர்களுக்கு என்னை எப்படி ஞாபகம் இருக்கும்?

அந்த நாலு பேரில் ஒருவர் பக்கத்துக் கடை அக்கா. பனையோலைப் பெட்டி செய்பவர். இரண்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்து கூடாரம் ஒழுகியது. அவருடைய ஓலைப்பெட்டிகளையும் என்னுடைய தூள் பைகளையும் இரண்டு பேருமாக ஒரே மேசைக்குக் கீழே அடுக்கினோம். நான் சாப்பிடப் போன நேரம் அவர் என் கடையையும் பார்த்து, ஏழு பை விற்று, காசைச் சுருட்டி வைத்திருந்தார். இதையெல்லாம் நெட்வொர்க்கிங் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த அக்கா ரெலிபோன் எடுத்தார். நல்லூர்ப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் அவரிடம் பெட்டி எடுக்கிறாராம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க, பெட்டிக்குள் வைக்கச் சின்னப் பை மிளகாய்த்தூள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அந்த 100 கிராம் பை இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது.

இதைப் படித்தவர்கள் ஆராய்ந்தும் வைத்திருக்கிறார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973 இல் ஒரு கட்டுரை எழுதினார். பொஸ்டனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் புதுவேலை எடுத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கொருமுறை காண்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி காண்போம் என்றவர்கள் 100 க்கு 17 பேர்கூட இல்லை. மிச்சப்பேர் எல்லாரும் இடைக்கிடை, அல்லது எப்போதாவது காண்கிறவர்கள். காரணம் சிம்பிள். என் மச்சாளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். பெட்டிக்கார அக்காவின் உலகத்தில் விடுதிக்காரர் இருக்கிறார், என் உலகத்தில் அவர் இல்லை.

நாங்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் பலவீனம். கோபிக்க வேண்டாம், சொல்கிறேன். சீட்டுப் பிடிப்பதும் கைமாற்று வாங்குவதும் கடைக்கு ஆள் எடுப்பதும் ஊருக்குள்ளே, சொந்தத்துக்குள்ளே. அது பலம்தான். என் அப்பப்பா காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடையோ பலசரக்குக்கடையோ சாப்பாட்டுக்கடையோ இல்லாத பட்டினம் தெற்கில் குறைவு. முதல் ஊரிலிருந்து, சரக்கு ஊரிலிருந்து, கடைப்பெடியனும் ஊரிலிருந்து. 1983 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. ஊருக்கு வந்து பார்த்தால், கை கொடுக்கக்கூடிய சொந்தக்காரர் எல்லாருடைய கடையும் எரிந்திருந்தது. ஒரே கயிற்றில் கட்டிய தோணிகள்.

சில மாதம் கழித்து அப்பப்பாவுக்கு ஒரு மணியோடர் வந்தது. அனுப்பியவர் காலியில் பக்கத்துக் கடையில் பாண் போட்ட சிங்கள முதலாளி. கடன்கொப்பி கடையோடு எரிந்துவிட்டது அல்லவா, இவர் தெருவில் வீடு வீடாகக் கேட்டு, யார் எவ்வளவு தரவேண்டும் என்று பட்டியல் எழுதிச் சேர்த்து அனுப்பியிருந்தார். தொகை பெரிதில்லை. அந்தப் பட்டியலை அப்பப்பா பெட்டகத்துக்குள் வைத்திருந்தார். "அந்தாளுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஒன்றுமில்லை மேனே, விடியப்புறம் பாண் இறக்கேக்கை வாசலில் நின்று கதைக்கிறனான்" என்றார்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு மில் இருக்கிறது. போட்டிதான். என் தூள் காரம் கூடியது, சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், "அந்த அண்ணையிடம் போங்கள், அவர் மல்லி கூட்டிப் போடுவார்" என்று அனுப்பிவிடுவேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. வாங்கிக்கொண்டுபோய்க் குறை சொல்கிறவர்களைவிட வாங்காதவர்கள் பரவாயில்லை. ஒரு வருடம், நல்லூர்த் திருவிழா முடிகிற கிழமை, வெளிநாட்டுக்காரர் ஆளுக்கு மூன்று நாலு கிலோ கட்டிக்கொண்டு போகிற நேரம் பார்த்து, என் மில்லின் மோட்டர் எரிந்தது. வறுத்த சரக்கு 80 கிலோ பாயில் கிடக்கிறது. அன்றிரவு அந்த அண்ணை தன் மில் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். "பத்து மணிக்குப் பிறகு எனக்குத் தேவையில்லை, விடிய முதல் கழுவித் தந்தால் சரி." மூன்று இரவு அரைத்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார். நான் அனுப்பிய ஆட்களை அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எண்ணவில்லை.

நல்லதையே சொல்லிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். பெட்டிக்கார அக்கா கொழும்புக்குச் சரக்கு அனுப்ப லொறி கேட்டபோது என் மச்சான் முறையான ஒருவரைக் காட்டிவிட்டேன். உறவு என்பதற்காகச் சொன்னேன், அவர் வேலையைப் பார்த்துச் சொல்லவில்லை. படங்கு போடாமல் ஓடி, வழியில் மழை, பெட்டி முழுக்கப் பூஞ்சணம். மச்சான் காசு கொடுக்கவில்லை. நான் பாதி நட்டத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தேத்தண்ணியும் தந்தார், ஆனால் எட்டு மாதம் ரெலிபோன் எடுக்கவில்லை. ஒருவரைக் கைகாட்டும்போது நாங்கள் கொடுப்பது எங்களுடைய நாணயம். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை. அதற்குப் பிறகு, நானே வேலை வாங்கிப் பார்க்காத ஆளை எவருக்கும் சொல்வதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

கொடுக்க வேண்டிய காசைச் சொன்ன நாளில் கொடுப்பதும் இதில் சேர்ந்ததுதான். பை அச்சடிக்கிற தம்பிக்கு வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. முடியாவிட்டால் வியாழனே எடுத்துச் சொல்ல வேண்டும். அழைப்பை எடுக்காமல் ஒளிக்கிற முதலாளிமாரைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டால் இரவு நித்திரை வராது.

அந்த ரின் இப்போது ஊசி நூல் போடப் பயன்படுகிறது. அட்டைக்குப் பதிலாக ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். ஒருவரைச் சந்தித்தால் அன்றிரவே இரண்டு வரி. "சுன்னாகம் கடை ஐயா. இரண்டு மணிக்கு முன் எடுக்கக்கூடாது. மகளுக்கு ஓ.எல். சோதனை." சோதனை முடிந்தபிறகு எடுத்து, பிள்ளை எப்படிச் செய்தாள் என்று கேட்பேன். அன்றைக்கு மிளகாய்த்தூளைப் பற்றி வாயே திறப்பதில்லை. இது தந்திரம் இல்லையா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். எழுதி வைப்பது என் மறதிக்காக. பதிலைக் கேட்கப் பொறுமை இல்லாமல் கேட்டால்தான் தந்திரம்.

இன்னொன்று. 1905 இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு ரோட்டரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடினார்கள். சுழன்று சுழன்று கூடியதால்தான் அந்தப் பெயர். எனக்கு அதில் பிடித்தது, மற்றவரின் வேலையிடத்தைப் போய்ப் பார்ப்பது. ஹோட்டல் மண்டபத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிவோம். என் கொட்டிலுக்கு வந்து, செத்தல் வறுக்கிற புகையில் இரண்டு தரம் தும்மிவிட்டுப் போனவர் என்னை மறப்பதில்லை. வாருங்கள், கைக்குட்டை கொண்டு வாருங்கள்.

தேத்தண்ணி வந்துவிட்டது போல இருக்கிறது. போவதற்கு முன் ஒரு விசயம். எங்கள் கொட்டிலில் ஒரு பிள்ளை மூன்று வருடமாக வறுக்கிறாள். மணத்தை வைத்தே பதம் சொல்வாள், கணக்கும் சுத்தம். நான் கொடுக்கிற சம்பளம் அவளுக்குப் போதாது, கூட்டிக் கொடுக்க எனக்கு இப்போது வழியில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். உணவுத் தொழில் செய்கிறவர்கள் யாருக்காவது ஆள் தேவையென்றால், பின்வரிசையில் நீலச் சட்டையோடு இருக்கிறாள்.